கணக்குக் கொப்பி இருக்கும் வரை

வணக்கம் நேயர்களே. தேயிலைத் தோட்டங்களிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பவர்களிடம் ஒரு கேள்வி: கோதுமை மா, பருப்பு, சீனி வாங்கும் கடையை நீங்களாகத் தெரிவு செய்தீர்களா?

லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்குக் கிட்ட இருப்பது ஒரே கடை. டவுனில் விலை குறைவென்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அங்கே கையில் காசு வேண்டும், பஸ்ஸுக்குக் காசு வேண்டும், வேலை நாளில் போனால் அரைப்பேர்தான் விழும், அரைநாள் சம்பளம்தான். தோட்டக் கடையிலோ கடன் கணக்குக் கொப்பியில் எழுதிவிட்டு சம்பளத்தன்று கொடுத்தால் போதும். கடைக்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன், வராத கடனையும் அவர்தான் சுமக்கிறார். ஆனால் கொப்பியில் நிலுவை உள்ளவர் அடுத்த கடைக்கு எப்படிப் போவார்? வாங்குபவர் நகர முடியாத இடத்தில் விலையைக் குறைக்க யாருக்கும் அவசரமில்லை.

2021 அக்டோபரில் பால்மா, கோதுமை மா, சமையல் எரிவாயு, சீமெந்து ஆகியவற்றின் விலைக் கட்டுப்பாட்டை இலங்கை அரசு நீக்கியது. சரி, போட்டி விலையைப் பார்த்துக்கொள்ளும் என்றால் போட்டி இருக்க வேண்டுமே! நாட்டில் பெரிய அளவில் மா அரைப்பவை பிரிமா, செரண்டிப் என இரண்டு நிறுவனங்கள்தான். அவற்றுக்குப் போட்டியாக வெளிநாட்டு மா வருமா வராதா என்பதை வரியும் இறக்குமதி விதிகளும் முடிவு செய்கின்றன. காலையும் இரவும் ரொட்டி சுடும் வீட்டுக்கு இது தூரத்து விஷயமில்லை.

1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான நியாய வர்த்தக ஆணைக்குழு, நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைவதை விசாரிக்க முடிந்தது. 2003இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை அமைத்த சட்டத்தில் அந்த அதிகாரம் இல்லை. பிறகு கைபேசி நிறுவனங்களான ஹட்சும் எட்டிசலாட்டும் இணைந்தன, 2024இல் எயார்டெல்லை டயலொக் வாங்கியது, ஐந்து கைபேசி நிறுவனங்கள் மூன்றாகின. ஒரே சிக்னல் மட்டும் கிடைக்கும் மலைப்பக்கத்தில் அந்த மூன்றும்கூட ஒன்றுதான்.

பொதியில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது குற்றம், கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டும், முறைப்பாட்டுக்கு அந்த அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைக்கலாம். ஆனால் கடன் தரும் கடைமேல் யார் முறையிடுவார்கள்? அதனால்தான் சொல்கிறேன், முதலில் மா ஒன்றையாவது கொப்பியிலிருந்து வெளியே எடுங்கள். சம்பளம் கிடைத்ததும் ஒரு லயத்து வீடுகள் காசு சேர்த்து, ஒருவர் டவுனுக்குப் போய் மூட்டையாக வாங்கி வந்து பிரித்துக்கொள்ளலாம், பஸ் காசும் பங்காகிவிடும். தோட்டத்தில் கூட்டுறவுச் சங்கம் இருந்தால் அதையே இதில் இறங்கச் சொல்லுங்கள். அப்புறம், வாக்குக் கேட்டு வருபவர்களிடம் லைன் அறை, சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்: நிறுவன இணைவுகளை விசாரிக்கும் அதிகாரத்தை எப்போது சட்டத்தில் திரும்பச் சேர்ப்பீர்கள்?