கிம்பர்லியின் நடுகல்: 124 நாள் முற்றுகை, 27 வீரர்கள்

[காட்சி: அதிகாலை. ஐந்து சாலைகள் கூடும் இடத்தில், மேட்டின் மேல் தூண்கள் சூழ்ந்த கல்மண்டபம்.]

வணக்கம். டர்பனில் இருந்து ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி, தென்னாப்பிரிக்காவின் வைர ஊரான கிம்பர்லிக்கு வந்திருக்கிறோம். தூரத்தில் இருந்து பார்த்தால் கோயில் மாதிரி தெரிகிறது, இல்லையா? கோயில் இல்லை, இது கல்லறை. பிரிட்டிஷாரும் போயர்களும் மோதிய போரில், முற்றுகையிடப்பட்ட இந்த ஊரைக் காத்து விழுந்த 27 வீரர்கள் உள்ளே அடக்கம்.

பகைவர் வளைத்த மதிலை உள்ளே நின்று காப்பவர் சூடும் பூ நொச்சி, வளைப்பவர் சூடுவது உழிஞை என்பது நம் பழைய இலக்கணம். கிம்பர்லிக்கு மதில் கிடையாது. சுரங்கத்தில் இருந்து அள்ளிக் கொட்டிய மண்மேடுகள்தான் அரண். ஊரைக் காத்த பிரிட்டிஷ் தளபதி கெகவிச் சுரங்கக் கோபுரத்தின் உச்சியில் நின்று எதிரியைக் கவனித்தார். முறையான ராணுவத்தார் சில நூறு பேர்தான். மற்றவர்கள் ஊர்க்காரத் தொண்டர்கள்.

[காட்சி: பழைய வரைபடம்.]

1899 அக்டோபர் 14. டச்சுக் குடியேறிகளின் வழிவந்த போயர்களின் படை, பிரிட்டிஷார் கையில் இருந்த ஊரைச் சுற்றி வளைக்கிறது. உள்ளே சுமார் 50,000 பேர். நவம்பர் 28-ல் கார்ட்டர்ஸ் ரிட்ஜ் மேட்டின் மீது பாய்ந்த தாக்குதலில் மேஜர் ஸ்காட் டர்னரும் அவரோடு பலரும் விழுந்தார்கள். ஐந்து வருஷம் கழித்து, 1904-ல், இதே தேதியில்தான் இந்த நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது.

[காட்சி: மண்டபத்தின் முன்னே நிற்கும் பீரங்கி. கேமரா மெதுவாகச் சுற்றி வருகிறது.]

இந்தப் பீரங்கியின் பக்கத்தில் கொஞ்சம் நேரம் நிற்போம். இதன் பெயர் 'லாங் செசில்'. ஊருக்குள் பெரிய பீரங்கி இல்லை, வெளியே இருந்து கொண்டுவர வழியும் இல்லை. டி பியர்ஸ் சுரங்கக் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் ஜார்ஜ் லேப்ராம், அமெரிக்கர், சுரங்கப் பட்டறையில் கிடந்த இரும்பைக் கடைந்து ஒரு மாதத்துக்குள் இதைச் செய்து முடித்தார். பீரங்கி செய்து பழக்கமே இல்லாத மனிதர்! 1900 ஜனவரியில் இது முழங்கத் தொடங்கியது.

போயர்கள் அதைவிடப் பெரிய 'லாங் டாம்' பீரங்கியைக் கொண்டுவந்தார்கள். பிப்ரவரி 9 மாலை அதன் குண்டு ஒன்று ஹோட்டல் கூரையைத் துளைத்து, அறையில் இருந்த லேப்ராமின் உயிரை எடுத்தது. அவருக்குப் பின்னும் அவர் செய்த பீரங்கி சுட்டுக்கொண்டே இருந்தது.

இரண்டு நாளில் பெண்களும் குழந்தைகளும் ஆயிரக்கணக்கில் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். வைரம் தோண்டிய இருட்டில் பாய் விரித்துப் பிள்ளைகளைத் தூங்க வைத்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. பிப்ரவரி 15-ல் பிரிட்டிஷ் ஜெனரல் ஜான் பிரெஞ்சின் குதிரைப்படை வந்து முற்றுகையை உடைத்தது. மொத்தம் 124 நாள்.

[காட்சி: தூண்கள், கல்வெட்டு.]

இந்தக் கல்மண்டபத்தைக் கட்டச் சொன்னவர் டி பியர்ஸ் கம்பெனியை நிறுவிய செசில் ரோட்ஸ். முற்றுகை நாட்களில் அவரும் இந்த ஊருக்குள்தான் இருந்தார். வடிவமைத்தவர் ஹெர்பர்ட் பேக்கர். பின்னாளில் டெல்லியின் பழைய நாடாளுமன்றக் கட்டிடத்தில் கை வைத்தவரும் அவரே. இன்றைய துருக்கியில் இருந்த ஒரு பழைய கல்லறைதான் முன்மாதிரி. கல் வந்தது இன்றைய ஜிம்பாப்வேயின் மட்டோபோ மலைகளில் இருந்து. பொறித்திருக்கும் வரிகள் ஆங்கிலக் கவிஞர் கிப்ளிங்குடையவை.

ஊரைக் காத்து விழுந்தவனுக்குக் கல் நட்டுப் பேரும் பெருமையும் செதுக்குவது நமக்குப் புதிதா? நடுகல் வைத்த ஜனம் நாம். அதனால்தான் இங்கே கைகூப்பத் தோன்றுகிறது.

ஆனால் கல்லைச் சுற்றி வரும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முற்றுகையில் குண்டை விடப் பசியும் நோயும்தான் அதிகம் பேரைக் கொன்றன. காய்கறி இல்லை, குதிரைக் கறிதான் ரேஷன். சுரங்கக் குடியிருப்புகளில் அடைபட்ட கறுப்பினத் தொழிலாளர்கள், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் மடிந்தார்கள். ஊர்க் குழந்தைகளும் நிறையப் பேர் போனார்கள். அவர்களுக்கு இந்தக் கல்லில் இடம் இல்லை.

என் தாத்தாவின் தாத்தா நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். காகிதத்தில் அவருக்கு ஒரு நம்பர் இருந்தது. பேரைப் பிழையாக எழுதியிருந்தார்கள். அதனால் பேர் இல்லாதவர்களைத் தேடும் பழக்கம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உண்டு.

[காட்சி: டர்பனில் இருந்து கொண்டுவந்த சாமந்திப் பூ. பாதியைப் படியில் வைக்கிறோம். மீதியோடு வண்டி சுரங்கப் பக்கம் கிளம்புகிறது.]