நாய்க்கு வழி தெரியாது

நேயர்களுக்கு வணக்கம்.

பார்வையற்றவர்களோடு நடக்கும் வழிகாட்டி நாய்களுக்குப் பயிற்சி தரும் பள்ளி ஒன்றில் இன்டர்ன்ஷிப் செய்தேன் என்று சொன்னால் போதும், கேட்பவர் முகம் மலர்ந்துவிடும். "அடடா, நாள் முழுக்க நாய்க்குட்டிகளோடு விளையாட்டுதானா?" என்பார்கள். முதல் சில வாரங்கள் நான் மல்லுக்கட்டியது துடைப்பத்தோடும் கிருமிநாசினியோடும்தான். விடிந்ததும் கூண்டுகளைக் கழுவ வேண்டும். தரை நன்றாகக் காய்ந்த பிறகுதான் நாயை உள்ளே விட வேண்டும். உணவைக் கண்ணளவில் போடக் கூடாது. ஒவ்வொரு நாய்க்கும் எடை பார்த்து அளந்து போட வேண்டும். காது, பாதம், பல் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். யாருக்கு மலம் இளகிப் போனது என்று நோட்டில் எழுதுவதும் என் வேலைதான். வானொலியில் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சரி, அந்த நோட்டை வைத்துத்தான் அன்று எந்த நாயை வெளியே நடத்திப் போகலாம் என்றே முடிவு செய்வார்கள், அதனால் சொல்லிவிட்டேன்.

அங்கே போவதற்கு முன்னால் நானும் எல்லோரையும் போலத்தான் நினைத்திருந்தேன். பார்வையற்றவர் "கடைக்குப் போ" என்பார், நாய் கூட்டிக்கொண்டு போகும் என்று. அப்படி இல்லை. வழி மனிதருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். எத்தனையாவது திருப்பம், எந்தப் பக்கம் என்பதெல்லாம் அவர் மனத்தில் இருக்கும் வரைபடம். நேராக நடப்பது, தடையைச் சுற்றிப் போவது, படி வந்தாலும் நடைபாதை முடிந்தாலும் நிற்பது, இவைதான் நாயின் பங்கு. பச்சை விளக்கைப் பார்த்து நாய் சாலையைக் கடக்க வைப்பதும் இல்லை. வண்டிகளின் சத்தத்தைக் காதால் கணித்து "போ" என்று சொல்வது மனிதர். அந்தக் கணிப்பு தப்பி, ஒரு வண்டி பாய்ந்து வருகிறது என்றால் நாய் நகராது. சொன்னதைக் கேட்கப் பழக்குவதைவிட, எப்போது கேட்கக் கூடாது என்று பழக்குவதுதான் அங்கே பெரிய வித்தை.

இந்த வித்தை போரில் பிறந்தது. முதல் உலகப் போரில் கண்ணிழந்து திரும்பிய வீரர்களுக்காக 1916-இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் கெர்ஹார்ட் ஸ்டாலிங் என்ற மருத்துவர் இப்படியொரு பள்ளியைத் தொடங்கினார். பிறகு போட்ஸ்டாமிலும் ஒரு பள்ளி வந்தது. சுவிட்சர்லாந்தில் நாய் வளர்த்துக்கொண்டிருந்த டோரதி யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி அதை நேரில் பார்த்துவிட்டு, 1927-இல் ஓர் அமெரிக்க வார இதழில் கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டக் கேட்ட மாரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற இளைஞர் அவருக்குக் கடிதம் போட்டார். மறு ஆண்டே சுவிட்சர்லாந்து போய், பட்டி என்ற நாயோடு பழகி ஊர் திரும்பினார். நியூயார்க்கில் நிருபர்கள் கண்ணெதிரே இருவரும் நெரிசலான சாலையைக் கடந்தார்கள். 1929-இல் அமெரிக்காவிலும் பள்ளி பிறந்தது.

எங்களுக்கு முதல் நடைப் பாடம் நாயே இல்லாமல் நடந்தது. எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டு, ஹார்னஸின், அதாவது நாயின் உடம்பில் மாட்டும் வாரின், கைப்பிடியை என் இடது கையில் கொடுத்தார்கள். மறுமுனையைப் பிடித்திருந்தவர் பயிற்சியாளர். அவர்தான் நாய்! அந்தப் பொய் நாய்க்கு ஜூனோ என்று பெயர். "ஜூனோ, போ" என்று வெட்கத்தோடு சொன்னேன். கைப்பிடி லேசாக முன்னால் இழுத்தது. பத்தடி போவதற்குள் உள்ளங்கை வியர்த்துவிட்டது. கைப்பிடி ஒரு விரற்கடை சாய்ந்தால் திருப்பம், இழுப்பு தளர்ந்தால் ஏதோ முன்னால் இருக்கிறது. அந்த இரண்டையும் கை படித்துக்கொள்ளும்வரை கால் நடக்க மறுக்கிறது.

அப்புறம் ஒரு நாள், பயிற்சி முடியும் தறுவாயில் இருந்த ஒரு கறுப்பு லாப்ரடாரோடு என்னை நடக்க விட்டார்கள். இந்த முறை கண்கட்டு இல்லை. பாதையில் ஒரு மரக்கிளை, என் நெற்றி உயரத்துக்குத் தாழ்ந்திருந்தது. நாய்க்கு அது ஒரு பொருட்டே இல்லை. இன்னும் ஒரு நாய் அளவு உயர்ந்திருந்தாலும் அடியில் புகுந்து போய்விடும். ஆனால் வழிகாட்டி நாய் தன் உடம்போடு பக்கத்தில் வருபவரின் உயரத்தையும் அகலத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். அதைக் கற்பிப்பதற்காகவே தேர்ந்தெடுத்த பாதை அது. நாய் நிற்கவில்லை. நான் குனிந்து போய்விட்டேன்.

பயிற்சியாளர் என்னைத்தான் நிறுத்தினார். "நீங்கள் பார்க்கிறீர்கள்" என்றார். எனக்குப் புரியவில்லை. "கிளை வருவதற்கு நாலடி முன்பே உங்கள் தோள் ஒதுங்குகிறது, நடை குறைகிறது. கிளையை நீங்களே சமாளித்துவிட்டால் நாய் எதைக் கற்றுக்கொள்ளும்?" என்றார். மறுபடி நடந்தோம். கிளை நெற்றியில் பட்டது. நின்று, கிளையைக் கையால் தட்டி நாய்க்குக் காட்டி, சில அடி பின்னால் வந்து, திரும்ப நடந்தோம். பார்வையுள்ளவன் பார்க்காதவனைப் போல நடப்பது எவ்வளவு சிரமம் என்று அன்றுதான் தெரிந்தது. முழுப் பயிற்சியாளராக ஏன் சில ஆண்டுகள் ஆகின்றன என்ற கேள்வியையும் அதோடு விட்டுவிட்டேன்.

எல்லா நாயும் தேறுவதில்லை. ஏழெட்டு வாரக் குட்டியாகத் தன்னார்வலர் வீட்டுக்குப் போய், ஒரு வருடத்துக்கு மேல் வளர்ந்து, பள்ளிக்கு வந்து, பயிற்சியும் பெற்ற பிறகு, இடைவெளி விட்ட இரும்புப் படிக்கட்டைக் கண்டு நடுங்கிய நாய் ஒன்று இருந்தது. அது தோற்றுவிட்டது என்று சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "வேலை மாறிவிட்டது" என்றுதான் அங்கே சொல்வார்கள். அது இப்போது ஒரு வீட்டில் செல்லமாக இருக்கிறது. அதற்கு அந்த வேலைதான் பிடித்திருக்கும் என்பது என் கட்சி.

கடைசி வாரத்தில் அந்தக் கறுப்பு லாப்ரடாரோடு மறுபடி ஒரு நடை. இந்த முறை கண்ணைக் கட்டிக்கொண்டேன். எந்தப் பாதை என்று சொல்லவில்லை. நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். சட்டென்று கைப்பிடி அசையாமல் நின்றது. காலால் துழாவினேன், படியும் இல்லை, பள்ளமும் இல்லை. "போ" என்றேன். போகவில்லை. கொஞ்சம் அழுத்தமாகச் சொன்னேன். ம்ஹும்.

வலது கையை முன்னால் நீட்டினேன். முகத்துக்கு நேரே ஈரமாக ஓர் இலை.

அதற்குப் பையிலிருந்து ஒரு தீனித் துண்டு கிடைத்தது. எனக்கு, கழுவ வேண்டிய கூண்டுகள் இன்னும் நான்கு பாக்கி இருந்தன.

வணக்கம்.