புது பிளேடால் வந்த வினை

நேயர்களுக்கு வணக்கம். முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்கு நாள் குறித்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை நாளில் நடப்பேன் டாக்டர்?" என்பதுதான். கிருமித் தொற்றைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. நூறு பேரில் ஒருவர் இருவருக்குத்தான் வருகிறது, உண்மை. வந்தவருக்கோ அது பெரும்பாடு.

கழுவாமல் விட்ட தண்ணீர்க் குடத்தின் உட்புறத்தை விரலால் தடவியிருக்கிறீர்களா? ஒரு வழுக்கல் தட்டுப்படும். தண்ணீர் ஊற்றி அலசினால் போகாது, தேய்க்க வேண்டும். செயற்கை மூட்டின்மேல் ஒட்டும் கிருமிகளும் அப்படியொரு படலத்தைப் போர்த்திக்கொள்கின்றன. உலோகத்துக்கு இரத்த ஓட்டம் கிடையாது, மருந்தும் அங்கே சரியாக எட்டாது. பல சமயம் வைத்த மூட்டையே கழற்றி, மருந்து கலந்த சிமென்ட்டை இடைக்காலத்துக்கு வைத்து, வாரக்கணக்கில் காத்திருந்து புதிது பொருத்த வேண்டியிருக்கிறது.

இந்தக் கிருமி வெளியூர்க்காரன் அல்ல. பெரும்பாலும் நம் தோலிலும் மூக்கிலும் குடியிருப்பவன்தான். தோலில் வழி திறந்தால் போதும்.

வழி திறந்துவிட்ட ஒருவரைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். எதையும் முன்கூட்டியே முடித்துவிடும் மனிதர். அறுவைக்கு முந்தைய இரவு புது பிளேடு போட்டு, தொடை முதல் கணுக்கால் வரை மழித்துக்கொண்டு வந்துவிட்டார். "உங்களுக்கு ஒரு வேலை மிச்சம்" என்றார் பெருமையாக. விளக்கைத் திருப்பிப் பார்த்தேன். முட்டிச் சில்லுக்குக் கீழே கடுகளவு வெட்டு. சுற்றிலும் சிவந்து, ஓரத்தில் சீழ்ப்பொட்டு. அறுவையை ஒத்திவைத்தேன். "இந்தக் கீறலுக்கா? மகன் விடுப்பு எடுத்து வந்திருக்கிறான்!" என்று கொதித்தார். சில வாரம் கழித்து வந்தவர், வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் காட்டி, "ஒரு முடியையும் தொடவில்லை, எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்.

ஆகவே வீட்டில் ரேஸர் வேண்டாம். மறுபடியும் சொல்கிறேன், ரேஸர் வேண்டாம். முடியை எடுக்க வேண்டுமென்றால் மருத்துவமனையில் கிளிப்பரால் கத்தரித்துக்கொள்வோம். இடுப்பு மூட்டு மாற்றின் முன்னோடி ஜான் சார்ன்லி, 1960களில் அறுவை அரங்கின் காற்றையே வடிகட்டத் தனி ஏற்பாடு செய்தவர். காற்றுக்கே அத்தனை பாடு என்றால், கீறலோடு போய்ப் படுக்கலாமா?

கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சர்க்கரை, புகை, சொத்தைப் பல் என்று தனித்தனியாகச் சொல்ல நினைத்திருந்தேன். மூன்றையும் அறுவைக்கு முன்பே சரிசெய்யுங்கள். முட்டியில் ஸ்டீராய்டு ஊசி போட்டு மூன்று மாதம் ஆகவில்லை என்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. வீடு திரும்பிய பிறகு தையலில் நீர் கசிந்தால், அலமாரியில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையை விழுங்காதீர்கள். பிறகு சோதனையில் கிருமி பிடிபடாமல் போய்விடலாம். அன்றைக்கே அறுவை செய்தவரிடம் போங்கள். வணக்கம்.