ஒன்றரை வயசு ஊசி

நேயர்களுக்கு வணக்கம். நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குழந்தைகளுக்கு எந்தத் தடுப்பூசியை எப்போது போட வேண்டும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். எனக்குக் கிடைத்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியை ஒரே ஒரு ஊசிக்குக் கொடுக்கப் போகிறேன். காரணம், அதிகம் விட்டுப்போவது அதுதான்.

பிறந்த குழந்தைக்கு ஊசி போடுவதில் நம் தாய்மார்கள் குறை வைப்பதில்லை. 45 நாள் ஊசி, 75 நாள் ஊசி, 105 நாள் ஊசி என்று நாள் எண்ணி வந்துவிடுவார்கள். ஒன்பது மாதம் முடிந்ததும் அம்மை ஊசிக்கும், அதாவது தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கும் வருவார்கள். அதற்கப்புறம்தான் தொய்வு. பிள்ளைக்கு மொட்டை அடித்து, காது குத்தி, முதல் பிறந்தநாளும் கொண்டாடியாயிற்று என்றால் ஊசிக் கணக்கும் முடிந்துவிட்டதாக வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். அம்மா வேலைக்குத் திரும்பியிருப்பார், அல்லது குடும்பமே வேறு ஊருக்குப் போயிருக்கும். 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் போட வேண்டிய ஒன்றரை வயசு ஊசி இப்படித்தான் விடுபடுகிறது.

அன்றைக்கு இரண்டு ஊசிகள் உண்டு. தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கும் சேர்த்து இரண்டாவது தவணை வலது கையில். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி மூன்றுக்குமான முத்தடுப்பு ஊசியின் ஊக்கத் தவணை தொடையில். கூடவே போலியோ சொட்டு மருந்து, வைட்டமின் ஏ திரவம். மூளைக்காய்ச்சல் உள்ள மாவட்டங்களில் அதற்கான ஊசியும் சேரும்.

"ஒன்பது மாசத்திலேயே அம்மை ஊசி போட்டாச்சே, மறுபடியும் எதுக்கு?" இந்தக் கேள்வியை நான் கேட்காத ஊரே இல்லை. நியாயமான கேள்விதான். குழந்தை பிறக்கும்போதே தாயிடமிருந்து கொஞ்சம் எதிர்ப்புச் சக்தியை வாங்கிக்கொண்டு வருகிறது. முதல் சில மாதங்கள் குழந்தையைக் காப்பது அதுதான். ஆனால் அதே சக்தி, தடுப்பூசியில் இருக்கும் பலவீனமான கிருமியையும் வேலை செய்ய விடாது. ஒன்பது மாத வாக்கில் அது பெரும்பாலும் கரைந்திருக்கும், எல்லாக் குழந்தைக்கும் முழுமையாக அல்ல. அதனால் ஒன்பது மாதத்தில் ஊசி போட்ட 100 குழந்தைகளில் ஏறக்குறைய 85 பேருக்குத்தான் பாதுகாப்பு கிடைக்கிறது. மீதி 15 பேர் யார் என்று வெளியே பார்த்தால் தெரியாது. அவர்களுக்கும் பாதுகாப்பு கிடைக்கத்தான் இரண்டாவது தவணை. அப்படியானால் ஒன்பது மாதத்தில் போடாமல் காத்திருக்கலாமே என்றால், கூடாது. தட்டம்மை கைக்குழந்தைகளிடம் கொடூரமாக நடந்துகொள்ளும் நோய். நிமோனியாவில் கொண்டுபோய் விடும், கண்பார்வையைக்கூட எடுத்துவிடும்.

முத்தடுப்பு ஊசியின் கதை வேறு. 45, 75, 105 நாட்களில் போட்ட ஊசி நன்றாகவே வேலை செய்திருக்கும். ஆனால் அந்தப் பாதுகாப்பு நாளாக ஆகக் குறையும். ஒன்றரை வயதில் இன்னொரு முறை போட்டால் பழைய நினைவு விழித்துக்கொண்டு, முன்பைவிட வலுவாக எழும். பிள்ளை நடக்கத் தொடங்கி, தெருப் பிள்ளைகளோடு விளையாடி, அங்கன்வாடிக்குப் போகப்போகிற வயது அது. பாதுகாப்பு குறைந்திருக்கக் கூடாத நேரம்.

அடுத்து இடைவெளி. முதல் வருட ஊசிகளுக்கு நடுவே குறைந்தது நான்கு வாரம் வேண்டும். அவசரப்பட்டு அதற்கு முன்னால் போட்டால் உடம்பு சரியாகப் பழகாது, அந்தத் தவணை கணக்கில் சேராது. முத்தடுப்பு ஊக்கத் தவணைக்கு, மூன்றாவது தவணையிலிருந்து ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும்.

சரி, தாமதமாகிவிட்டால்? பலர் இங்கேதான் தயங்கி நின்றுவிடுகிறார்கள். நர்சு திட்டுவார், எல்லாவற்றையும் முதலிலிருந்து போடச் சொல்வார் என்ற பயம். அப்படிக் கிடையவே கிடையாது. போட்டது போட்டதுதான்; உடம்பு அதை மறக்காது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். அம்மை ஊசியை ஐந்து வயது வரையிலும், முத்தடுப்பு ஊசியை ஏழு வயது வரையிலும் அரசு மையங்களில் போடுவார்கள். தாமதத்தில் இருக்கும் கெடுதல் ஒன்றுதான்: அந்த இடைப்பட்ட காலத்தில் பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லை.

இதற்காகத்தான் ஊசிகளைப் பிரித்துப் போடச் சொல்லிக் கேட்பவர்களிடம் நான் பிடிவாதமாக இருந்திருக்கிறேன். "பச்சப் புள்ளைக்கு ஒரே நாள்ல ரெண்டு ஊசியா நர்சம்மா? ஒண்ணை அடுத்த மாசம் போட்டுக்கலாமே" என்று பாட்டிமார்கள் கெஞ்சுவார்கள். அந்தப் பரிவு எனக்குப் புரியும். ஆனால் மண்ணில் விளையாடி, கையை வாயில் வைக்கும் பிள்ளையின் உடம்பு தினமும் எத்தனையோ கிருமிகளைச் சந்தித்துச் சமாளிக்கிறது. இரண்டு ஊசி அதற்குப் பாரம் அல்ல. பிரித்துப் போட்டால் அழுகை இரண்டு நாளாகும், அம்மாவுக்கு இன்னொரு நாள் கூலி போகும். அடுத்த மாதம் என்று போனவர்களில் பலர் அடுத்த மாதம் வருவதில்லை என்பதையும் பார்த்திருக்கிறேன்.

தனியார் மருத்துவமனையில் சின்னம்மை ஊசி போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதுவும் தட்டம்மை ஊசியும் உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்தவை. ஒரே நாளில் போடலாம். இல்லையென்றால் நடுவே நான்கு வாரம் விட வேண்டும். அதனால் எங்கே போனாலும் தடுப்பூசி அட்டையைக் காட்டுங்கள்.

சளி, இருமல், லேசான காய்ச்சல் இருந்தாலும் ஊசி போடலாம். கடுமையான காய்ச்சலோ, முன்பு போட்ட ஊசிக்கு மோசமான ஒவ்வாமையோ இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். போட்ட பிறகு அரை மணி நேரம் மையத்திலேயே இருங்கள். முத்தடுப்பு ஊசிக்கு அன்று இரவோ மறுநாளோ காய்ச்சல் வரலாம், தொடை வீங்கலாம். எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால் கொடுங்கள். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள், எதையும் பூசாதீர்கள். அம்மை ஊசியின் காய்ச்சல் ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் வரும், சில பிள்ளைகளுக்கு லேசான தடிப்போடு. தானாக அடங்கிவிடும். எந்த ஊசியின் காய்ச்சலும் மூன்று நாளைத் தாண்டினாலோ, பிள்ளை சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள்.

பெரும்பாலான ஊர்களில் புதன்கிழமைதான் ஊசி நாள். கலக்கிய அம்மை மருந்தை நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மீதியைக் கொட்டிவிட வேண்டும். அதனால் காலையிலேயே வந்துவிடுங்கள். அட்டை தொலைந்துவிட்டதென்று வீட்டில் இருந்துவிட வேண்டாம். உங்கள் பகுதி நர்சின் பதிவேட்டில் விவரம் இருக்கும். அங்கேயும் கிடைக்கவில்லையா, அம்மை ஊசி போட்டோமா இல்லையா என்று சந்தேகமா, இன்னொரு முறை போட்டுக்கொள்ளலாம். அதனால் பிள்ளைக்கு ஒரு தீங்கும் வராது.