ஐம்பது வருடத் தண்ணீர்த் திட்டம் நடக்குமா?

ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆட்கள் மாறும் இடத்தில், ஐம்பது வருடத் தண்ணீர்த் திட்டம் என்பதெல்லாம் பேச்சுக்குத்தானே?"

சிங்கப்பூரை வைத்துச் சொல்கிறேன். அங்கே எப்போதும் ஒரே கட்சிதானே என்பீர்கள். சரி, அந்த வசதி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அவர்களை ஓட வைத்தது ஒரு தேதி. மலேசியாவின் ஜொகூரிலிருந்து தண்ணீர் எடுக்க 1961-லும் 1962-லும் ஒப்பந்தம் போட்டார்கள். முதலாவது 2011-ல் முடியும், இரண்டாவது 2061-ல். 1965-ல் தனி நாடானதும், நாளைக்கே குழாயை மூடிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வந்துவிட்டது. 1972-ல் தண்ணீருக்கென்றே ஒரு பெருந்திட்டம் எழுதினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த கதை. 1974-ல் கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்த ஒரு சோதனை ஆலை போட்டார்கள். ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடியது. செலவு கட்டுப்படியாகவில்லை, தண்ணீரை வடிகட்டும் மெல்லிய சவ்வுகளான அன்றைய மெம்பரேன்களையும் நம்ப முடியவில்லை. மூடிவிட்டார்கள். பல ஊர்களில் அத்தோடு அந்தக் கோப்பு பரணுக்குப் போயிருக்கும், "அப்பவே சொன்னேனே" என்று நாலு பேர் சொல்லியிருப்பார்கள். இவர்கள் மறக்கவில்லை. நம் வீட்டு ஆர்ஓ இயந்திரத்தில் இருக்கிறதே, அந்த வகை மெம்பரேன் விலை இறங்கித் தேறி வந்ததும், 2000-ல் சிங்கப்பூரின் பெடோக் பகுதியில் மறுபடி சோதித்தார்கள். 2002 தேசிய நாள் விழாவில் பாட்டிலில் கொடுத்துக் கூட்டத்தையே குடிக்க வைத்தார்கள். 2003-ல் இந்தச் சுத்திகரித்த தண்ணீர் 'நியூவாட்டர்' என்ற பெயரில் விநியோகத்துக்கு வந்தது. பெரும்பகுதி சிப் தயாரிக்கும் ஆலைகள் போன்ற தொழிற்சாலைகளுக்குப் போகிறது, கொஞ்சம் நீர்த்தேக்கத்தில் கலக்கிறது.

இன்னொன்று, 2001-ல் சாக்கடை, மழைநீர் வடிகால், குடிநீர் மூன்றையும் ஒரே வாரியத்திடம் கொடுத்தார்கள். கழிவுநீர் ஒருவருக்குத் தொல்லை, இன்னொருவருக்குச் சரக்கு என்ற இழுபறி அப்போதுதான் போனது.

அப்புறம், ஆட்கள் மாறுவது பற்றிக் கேட்டீர்களே. சோதனை ஆலை மூடியபோது பிரதமர் லீ குவான் யூ. நியூவாட்டர் வந்தபோது கோ சோக் டோங். 2011-ல் முதல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமலே முடிந்தபோது லீ சியன் லூங். அன்று சிங்கப்பூரில் யார் வீட்டுக் குழாயும் நிற்கவில்லை. 2061-க்கான வேலையும் நடக்கிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் மட்டும் ஐந்து கட்டியாகிவிட்டது.