வாக்கியத்தின் கடைசியில் 'ஃபார்' வரலாமா?

(காட்சி: குழித்துறைப் பாலம், காலைநேரம், கீழே ஆறு)

வணக்கம். நான் நின்றுகொண்டிருப்பது குழித்துறையில். இங்கே களியக்காவிளைப் பேருந்தில் ஏறினால் சிறிது நேரத்தில் கேரள எல்லை வந்துவிடும். இந்த விளவங்கோடு வட்டாரம் 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு மாறினாலும் வீட்டுப் பேச்சு மாறவில்லை. எங்கள் வீட்டில் குடிநீர் இன்றும் 'வெள்ளம்', பலாப்பழம் 'சக்கை', பேசுவது 'பறைவது'.

ஆறாம் வகுப்பில் ஒரே நாளில் எனக்கு இரண்டு சிவப்புக் கோடுகள் கிடைத்தன. தமிழ்க் கட்டுரையில் 'வெள்ளம் குடித்தேன்' என்று எழுதியதற்கு முதல் கோடு. "வெள்ளம் ஆற்றில் வருவது, குடிப்பது தண்ணீர்" என்றார் சார், வகுப்பே சிரித்தது. அடுத்த பாடவேளையில், 'ஹூ ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?' என்று எழுதியதற்கு இரண்டாவது கோடு. வாக்கியத்தை ப்ரிப்பொசிஷனில், அதாவது 'ஃபார்', 'டு' போன்ற முன்னிடைச்சொல்லில், முடிக்கக் கூடாதாம். 'ஃபார் ஹூம் ஆர் யூ வெயிட்டிங்?' என்று பத்து முறை எழுத வேண்டும். எழுதினேன். இரண்டுமே தேவையற்ற திருத்தங்கள் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

முதல் கோட்டுக்கு விடை 595-ஆம் குறளில் இருக்கிறது. 'வெள்ளத் தனைய மலர்நீட்டம்' என்னும்போது வள்ளுவர் ஆற்றுப் பெருக்கைச் சொல்லவில்லை. குளத்து நீர் எவ்வளவு உயரமோ அவ்வளவு நீளம் பூவின் தண்டு என்கிறார். பரிமேலழகரும் அங்கே 'நீர்' என்றே பொருள் உரைக்கிறார். பழைய தமிழ்ச்சொல் ஒன்றை எங்கள் ஊர் விடாமல் வைத்திருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது கோட்டின் கதை நீளமானது. அதற்குத்தான் இந்த வீடியோ.

(காட்சி: கரும்பலகையில் மூன்று ஆண்டுகள்: 1672, 1762, 1795)

1672-இல் கவிஞர் ஜான் டிரைடன், தமக்கு முந்தைய தலைமுறை நாடகாசிரியரான பென் ஜான்சனின் வரி ஒன்றை எடுத்து, முன்னிடைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது என்று குற்றம் கூறினார். ஏன் குற்றம் என்பதை அவர் விளக்கவில்லை. அதே குறை தம் எழுத்திலும் இருப்பதை அண்மையில்தான் கவனித்ததாக ஒப்புக்கொண்ட அவர், 1668-இல் தாம் வெளியிட்டிருந்த நாடகக் கட்டுரையை 1684-இல் மறுபதிப்புச் செய்தபோது அத்தகைய வாக்கியங்களைத் தேடித்தேடி மாற்றினார். லத்தீனையே செம்மைக்கு அளவுகோலாகக் கொண்ட காலம் அது. லத்தீனில் 'ப்ரிப்பொசிஷன்' என்ற பெயருக்கே 'முன்னால் வைக்கப்படுவது' என்றுதான் பொருள். ஆனால் ஆங்கிலம் லத்தீனின் மகள் அன்று. அது ஜெர்மானியக் குடும்பத்து மொழி, அந்த மொழியில் இச்சொல் கடைசியில் நிற்பது இயல்பு.

1762-இல் ராபர்ட் லௌத் என்னும் பாதிரியார், பின்னாளில் லண்டன் பிஷப் ஆனவர், ஆங்கில இலக்கண நூல் ஒன்றை வெளியிட்டார். இந்த விதியை உண்டாக்கியவர் என்று இவரைத்தான் பலரும் கைகாட்டுகிறார்கள். அது அவருக்கு நேர்ந்த அநீதி என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் சொன்னது இவ்வளவே: பேச்சிலும் இயல்பான எழுத்திலும் இந்த நடை பரவலாக உள்ளது, உயர்ந்த நடையில் அச்சொல்லை முன்னால் வைப்பதே அழகு. அதைச் சொல்லும்போதே, 'நம் மொழி பெரிதும் சாய்ந்திருக்கும் வழக்கு' என்ற பொருளில் அவர் எழுதிய வாக்கியம் 'இன்க்ளைன்ட் டு' என்று முன்னிடைச்சொல்லில்தான் முடிகிறது. 1795-இல் லிண்ட்லி மர்ரே தமது இலக்கண நூலில் அந்த வாக்கியத்தை எடுத்துக்கொண்டபோது, கடைசியில் இருந்த 'டு'வை முன்னுக்கு நகர்த்திவிட்டார். மர்ரேயின் நூல் பள்ளிகளில் மிகப் பரவலாகப் படிக்கப்பட்டு, மீண்டும் மீண்டும் அச்சானது. ஒருவருடைய சுவை, அடுத்தவரின் பரிந்துரையாகி, அதற்கும் அடுத்தவரின் கையில் திருத்தமாகி, கடைசியில் என் நோட்டில் சிவப்புக் கோடாக வந்து சேர்ந்தது.

'டு ரியலி அண்டர்ஸ்டாண்ட்' என்று 'டு'வுக்கும் வினைக்கும் நடுவே ஒரு சொல்லை நுழைக்கக் கூடாது என்ற விதியும் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்ததே. 1864-இல் கேன்டர்பரி பேராலயத்தின் 'டீன்' ஆன ஹென்றி ஆல்ஃபர்ட் தம் நூலில் அதைக் கண்டித்திருக்கிறார். அதைப் பற்றி இதற்கு மேல் நேரம் செலவிட வேண்டியதில்லை.

அப்படியானால் ஆங்கிலத்துக்கு விதியே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, மிகக் கண்டிப்பான விதிகள் உண்டு. 'பிக் ரெட் பஸ்' என்பார்கள். 'ரெட் பிக் பஸ்' என்று ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள சிறுகுழந்தைகூட இயல்பாகச் சொல்லாது. பெரும்பாலோர் அதைப் பள்ளியில் படித்ததும் இல்லை. பேசுகிறவர்கள் சொல்லிக்கொடுக்காமலே கைக்கொள்வதுதான் மொழியின் விதி. பேசுகிறவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் மீறிக்கொண்டே இருக்க, ஆசிரியர்கள் மட்டும் காவல் காப்பது விதி ஆகாது.

(காட்சி: ஏட்டுச்சுவடி)

இதைவிட முக்கியமானது 'தே' என்னும் சொல்லின் வழக்கு. 'இஃப் சம்ஒன் கம்ஸ், டெல் தெம் டு வெயிட்' என்ற வாக்கியத்தில், வருபவர் ஒருவர், 'தெம்' பன்மை, ஆகவே பிழை என்று பலர் அடிக்கிறார்கள். ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரைக் குறிக்க 'தே' 14-ஆம் நூற்றாண்டு முதல் ஆங்கிலத்தில் வழங்குகிறது. பின்னர் இலக்கண ஆசிரியர்கள் அந்த இடத்தில் ஆண்பால் 'ஹீ'யை வைக்கச் சொன்னார்கள். 1850-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், சட்டங்களில் ஆண்பாற்சொல் பெண்ணையும் உள்ளடக்கும் என்று சட்டமே இயற்றியது.

தமிழர்களாகிய நமக்கு இதில் திகைக்க ஒன்றும் இல்லை. 'ஒருவர் வந்தார்' என்று நாள்தோறும் சொல்கிறோம். ஆள் ஒன்று, பால் தெரியாது, வினைமுடிவோ பலர்பாலுக்கு உரியது. தொல்காப்பியர் பெயரியல் என்னும் இயலில் இதைக் கண்டு, 'ஒருவர் என்னும் பெயர்நிலைக் கிளவி இருபாற்கும் உரித்தே' என்று எழுதி, அடுத்த நூற்பாவில் அது பன்மை வினையைக் கொள்ளும் என்றும் சேர்த்தார். ஒருவரைப் பன்மையில் அழைக்கும் மரியாதைச் சொல்லைப் பற்றிக் கிளவியாக்கம் என்னும் இயலில் பேசும்போது, அது இலக்கணத்தின் நேர்வழி அன்று என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டு, 'வழக்கினாகிய உயர்சொல்' என்று ஏற்றுக்கொள்கிறார். வழு எது என்று தெரிந்திருந்தும் அதை அமைத்துக்கொள்ளும் இந்த முறைக்கு 'வழுவமைதி' என்று நம் இலக்கணத்தில் தனிப்பெயரே இருக்கிறது. அன்பு மிகுதியால் பசுவை 'என் அம்மை வந்தாள்' என்றால் அது திணை வழுவமைதி. அங்கே கோடு போடுவதில்லை. அந்த ஒரு சொல் என் ஆங்கில ஆசிரியரின் கையில் இருந்திருக்கலாமே என்று நான் பலமுறை வருந்தியிருக்கிறேன்.

திருத்தவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாலையில் நான் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறேன். 'ஐ டிட் நாட் வென்ட்' என்று எழுதினால் உடனே திருத்துகிறேன், ஏனெனில் ஆங்கிலம் பேசும் எந்த ஊரின் பொது எழுத்திலும் அது நிற்காது. 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதினால், அது 'பற்றிப் பேசினோம்' என்ற நம் தொடரிலிருந்து வருகிறது என்று விளக்கி, தேர்விலும் வேலைக்கான கடிதத்திலும் 'அபவுட்' வேண்டாம் என்று பென்சிலால் குறித்துக் கொடுக்கிறேன். வகுப்பைச் சிரிக்க விடுவதில்லை. சென்ற வாரம் ஒரு மாணவி 'ஹூ ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?' என்று எழுதிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் சரி என்று குறித்துவிட்டு, அடுத்த வரிக்குப் போனேன்.