கொடிவழியில் விடுபட்ட பிள்ளைகள்

(ஈரோட்டில் குடும்ப வரலாறு எழுதுவோர் கூடிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவங்களுக்கும் தாய்மார்களுக்கும், பாட்டன் காலத்துப் பத்திரங்களோடு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கமுங்க.

கொடிவழி, அதாவது குடும்பத்தின் தலைமுறை வரிசை, எழுதப் புகுந்தவர்கள் எங்காவது ஒரு பெயரில் முட்டி நிற்பார்கள். பத்திரத்தில் இருக்கிற பிள்ளை, அப்பத்தா சொன்ன கணக்கில் இருக்காது. தகப்பன் பெயர் வரவேண்டிய இடத்தில் தாயின் பெயர் இருக்கும். கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையோ என்று உடனே வீட்டில் குரல் தாழ்ந்துவிடும். “அதையெல்லாம் எழுத வேண்டாமுங்க” என்பார்கள். நான் எழுதச் சொல்கிறேன். ஆனால், சரிபார்க்காமல் எழுதிவிடாதீர்கள்.

முதலில் தேதியைச் சந்தேகப்படுங்கள். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பல பேருக்குப் பிறந்த தேதி போட்டவர் வாத்தியார். கையைத் தலைக்கு மேலே வளைத்து மறுபக்கத்துக் காதைத் தொட்டால் ஐந்து வயசு. அந்தச் சான்றிதழை நம்பி, இந்தப் பிள்ளை கல்யாணத்துக்கு முன்பே பிறந்தது என்று ஒரு தாயின் தலையில் பழி போடலாமா? ஜாதகக் குறிப்பும் அப்படித்தான். ‘தாது வருஷம்’ என்று இருந்தால் அது 1876-77ஆ, 1936-37ஆ? அறுபது வருஷச் சுற்றைத் தவறவிட்டால் ஒரு தலைமுறையே இடம் மாறிப்போகும். முந்தைய தாது வருஷத்தில் வந்த பஞ்சம் கோயமுத்தூர், சேலம் ஜில்லாக்களையும் வாட்டியது. தாய் தகப்பனை இழந்து அடுத்தவர் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கும் தகப்பன் பெயர் இல்லாமல் போயிருக்கலாம்.

கல்யாணத் தேதிக்கு அரசாங்கக் காகிதம் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. எல்லாக் கல்யாணத்தையும் பதிந்தாக வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2009இல்தான். பரணில் மொய் நோட்டு இருக்கிறதா என்று பாருங்கள். முகூர்த்தத் தேதி அதில் இருக்கும்.

ஊர்க் கணக்கைப் பார்த்த மணியகாரர் எழுதி வைத்த பழைய பிறப்புக் கணக்கில் பல பிள்ளைகளுக்குப் பெயரே இருக்காது. ‘ஆண்’ அல்லது ‘பெண்’, அவ்வளவுதான். தகப்பன் பெயரும், பிறப்பைச் சொல்ல வந்தவர் வாயால் சொன்னது. கத்தோலிக்கப் பங்குக் கோயில்களின் பழைய ஞானஸ்நானப் புத்தகங்கள் லத்தீனில் இருக்கும். தந்தை தெரியாத பிள்ளை என்றால் பாதிரியார் அதை வெளிப்படையாகவே குறித்திருப்பார். பக்கத்தில் இருக்கும் ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர்களையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு யார் துணை நின்றார்கள் என்பதற்கு அங்கே துப்பு இருக்கலாம்.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவை நிலப் பத்திரங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் 1ஆம் புத்தகத்தை, கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு வீட்டை மனதில் வைத்துப் பாருங்கள். அம்மிச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு, நாற்பத்தெட்டு வயதில் ஒரு கடைக்குட்டி. அதற்கு மூத்தவளுக்குப் பதினேழு வயது. நடுவில் பிள்ளையே இல்லை. பின்னாளில் அந்தக் கடைக்குட்டிக்கு மட்டும் அப்பிச்சி, அம்மிச்சியின் வீட்டுக்காரர், தனியாக ஒரு மேட்டு நிலத்தைத் தானமாகச் செட்டில்மென்ட் பத்திரம் எழுதி வைக்கிறார். குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று கட்டும் தலைக்கட்டு வரி நோட்டில் அவன் பெயர் ஏறவே இல்லை. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. நாற்பத்தெட்டில் பிள்ளை பெற்றவர்கள் உண்டு. பிழைப்புக்கு வால்பாறைத் தோட்டத்துக்குப் போனவன் வரி கட்டாமல் விட்டிருக்கலாம். மூன்றும் சேர்ந்து வரும்போதுதான், பதினேழு வயது மகளின் பிள்ளையைத் தாய் தன் பிள்ளையாக வளர்த்தாளோ என்று கேட்க இடம் வருகிறது. அப்போதும் அது கேள்விதான். அந்தத் தாய்க்கு எவ்வளவு துணிச்சல் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

1956க்கு முந்தைய பாகப்பிரிவினைகளைக் கூர்ந்து படியுங்கள். அன்றைய இந்து சட்டம் ‘சூத்திரர்’ என்று வகைப்படுத்திய குடும்பங்களில், கல்யாணம் ஆகாமல் தகப்பனோடு நிலையாகச் சேர்ந்து வாழ்ந்த பெண்ணின் மகனுக்கும் ஒரு பங்கு உண்டு. 1956ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டம் அப்படிப் பிறந்த பிள்ளையைத் தாய் வழி வாரிசாக மட்டுமே ஏற்றது. ஆகவே பழைய பத்திரத்தில் சிறு பங்கோ ஜீவனாம்சமோ வாங்கிக்கொண்டு ஒதுங்கிய ஒருவர் தென்பட்டால், அவர் யார் மகன் என்று கேளுங்கள். இளையதாரத்தின் பிள்ளைகளையும் இந்தக் கணக்கில் அவசரப்பட்டுச் சேர்க்காதீர்கள். சென்னை மாகாணம் 1949இல் தடை செய்யும் வரை, இந்து ஆணின் இரண்டாம் கல்யாணமும் செல்லுபடியான கல்யாணம்தான்.

பெரியாரின் ஊரில் நின்றுகொண்டு இன்னொன்றைச் சொல்லாமல் போக முடியாது. ஐயரும் சடங்கும் இல்லாமல் மாலை மாற்றி நடந்த சுயமரியாதைக் கல்யாணம் ஒன்று செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953இல் சொன்னது. ஊரறிய, மேடை போட்டு நடந்த கல்யாணங்கள்! அப்படி வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் முறையற்ற பிள்ளைகளாக நின்றார்கள். அண்ணா ஆட்சியில் வந்த 1967ஆம் வருஷத்துத் திருத்தம்தான், அதற்கு முன்பு நடந்தவற்றையும் சேர்த்து, அவை செல்லும் என்றது. அந்த இடைக்காலத்து வழக்குக் காகிதம் ஒன்றில் உங்கள் பெரியப்பாவைப் பற்றி என்ன எழுதியிருந்தாலும், அந்த வருஷத்துச் சட்டம் என்ன என்று பார்த்துவிட்டுப் படியுங்கள்.

எப்படி எழுதுவது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். உயிரோடு இருப்பவரைப் பற்றியது என்றால், அவர் சம்மதம் இல்லாமல் ஒரு வரியும் வேண்டாம். மறைந்தவர் என்றால், எந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்று பக்கத்திலேயே குறியுங்கள். ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள். ஊரார் கிசுகிசுத்த ஆணின் பெயரைத் தகப்பன் கட்டத்தில் போடாதீர்கள், காலியாகவே விடுங்கள். தாயின் பெயரை முழுதாக எழுதுங்கள். அவள் பிறந்த ஊரையும், அவளைப் பெற்றவர்கள் பெயரையும், அந்தப் பிள்ளைக்குப் பிறந்த பிள்ளைகளையும் எழுதுங்கள்.